பச்சைமீன் கடையில் எழாமல் இருந்தவர்

கருமாங்குளம் கூட்டுரோட்டில், பஞ்சர் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் எட்டே ஸ்டூல் போட்ட சின்ன சுஷிக் கடையில், ஒரு வியாழக்கிழமை மதியம் ஒன்றே முக்கால் மணிக்கு, தணிகாசலம் என்பவர் சாப்பிட்டு முடித்து, வாயைத் துடைத்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார், எழ வரவில்லை. ஸ்டூலில் எதுவும் ஒட்டியிருக்கவில்லை, காலில் வலி இல்லை, தலை சுற்றவில்லை, உடம்பில் எந்த இடத்திலும் ஒரு குறையும் தெரியவில்லை. எழுந்திருப்பது என்கிற அந்த ஒரு காரியம் மட்டும், நாக்கு நுனி வரை வந்து நின்றுவிடும் ஒரு பெயரைப் போல, அவர் உடம்புக்கு மறந்துபோயிருந்தது.

யாரும் கவனிப்பதற்கு முன்னால் ஞாபகம் வந்துவிடும் என்று நினைத்து அவர் ஒரு டீ சொன்னார். அதைக் குடித்து முடித்து இன்னொன்று சொன்னார். மூன்றாவது டீயை வைக்கும்போது கடைக்காரி பெர்பெத்துவா அவர் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன அண்ணாச்சி, காஞ்சிபுரத்துக்குப் போவணும்னு அவசர அவசரமா சாப்பிட்டிய. இப்ப ஆற அமர டீ குடிக்கிய?"

"எழுந்திருக்க வரலம்மா" என்றார் தணிகாசலம்.

பெர்பெத்துவா தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. கணவன் இறந்த மறுவருடம், பைபாஸில் கார் கம்பெனி கட்ட வந்த ஜப்பான்காரர் ஒருவர் வீட்டுக்குச் சமையலுக்கு வந்தவள். அவர் சமையல் பைத்தியம் பிடித்த மனிதர், ஞாயிற்றுக்கிழமைகளில் இவளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு மீனை எந்தப் பக்கம் வகிர்வது, காடி கலந்த சோற்றை எவ்வளவு அழுத்திப் பிடிப்பது என்றெல்லாம் ஒன்பது வருடம் சொல்லிக்கொடுத்தார். அவர் ஊர் திரும்பியதும் பூட்டிக்கிடந்த ஒரு தையல் கடையை எடுத்து, ஒரு நீளப் பலகையையும் எட்டு ஸ்டூலையும் போட்டு, விடிகாலையில் காசிமேட்டிலிருந்து வரும் மீனை வைத்துக் கடையைத் தொடங்கினாள். போர்டில் சுஷி என்றுதான் எழுதியிருந்தது. ஊர் அதைப் பச்சைமீன் கடை என்றது. மதியத்தில் ஜப்பான் இன்ஜினியர்கள் வருவார்கள். அவர்களோடு பழகி ருசி கண்டுவிட்ட தணிகாசலம் போன்ற இரண்டு மூன்று பேரும் வருவார்கள்.

தணிகாசலத்துக்கு நாற்பத்தெட்டு வயது. பைபாஸில் இருந்த கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் மெஷின்களைச் சோதிக்கும் பாதுகாப்பு அலுவலர். யாரையும் கடிந்து பேசாதவர், நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு: பேச்சு ஒரு முனைக்கு வரும்போது "இருங்க, ஒரு நிமிஷம்" என்று செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார். கூட்டத்திலும் சரி, வீட்டிலும் சரி, சாவு வீட்டில் பங்காளிகள் சண்டையிலும் சரி, அவர் எழுந்து போன நாற்காலிதான் அவர் சொன்ன பதிலாக இருக்கும்.

அன்று அவர் பையில் ஒரு வாக்குமூலம் டைப் செய்யப்பட்டு இருந்தது. நாலு மாதம் முன்பு பிரஸ் மெஷினில் பச்சையப்பன் என்ற ஒப்பந்தத் தொழிலாளியின் வலது கையில் கட்டைவிரல் தவிர நாலு விரலும் போயின. கை உள்ளே போனால் மெஷினை நிறுத்துவதற்கு ஒரு சென்சார் உண்டு. அதைப் பச்சையப்பன், அதிகம் பீஸ் அடிக்கும் ஆசையில் தானே ஒயர் சுற்றி வேலை செய்யாதபடி கட்டிவிட்டான், ஆகவே விபத்துக்கு அவனே பொறுப்பு என்று அந்தக் காகிதம் சொன்னது. மூன்று மணிக்குக் காஞ்சிபுரத்தில் தொழிலாளர் துறை அதிகாரி முன்னால் அதைச் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். சென்சாரைக் கட்டச் சொன்னது ஷிப்ட் சூப்பர்வைசர் என்பதும், கட்டியது பச்சையப்பன் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் என்பதும் தணிகாசலத்துக்குத் தெரியும். அதை அவிழ்க்கச் சொல்லி ஒரு முறை சூப்பர்வைசரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லியும் இருந்தார். அதன் பிறகு தினமும் காலையில் பரிசோதனைத் தாளில் "சென்சார் சரியாக உள்ளது" என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

மூன்று மணி ஆயிற்று. பஞ்சர் கடை யாகூப்பும் இரண்டு ஆட்டோக்காரர்களும் வந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள். தரையில் வேர் விட்ட மரத்தைத் தூக்குவதுபோல் இருந்தது. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் வந்து முழங்காலில் தட்டிப் பார்த்து, கால் நன்றாகத் துள்ளுகிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஸ்டூலில்தான் கோளாறு என்று யாரோ சொல்ல, தச்சர் ஒருவர் வந்து திருகாணியைக் கழற்றி ஸ்டூலை உருவினார். தணிகாசலம் அதே உயரத்தில், அதே மாதிரி, பலகையில் முழங்கை ஊன்றி, காற்றில் உட்கார்ந்திருந்தார்.

"ஸ்டூலை வையுங்க. சாப்பிடுற இடத்துல பார்க்க நல்லா இல்ல" என்றாள் பெர்பெத்துவா. தச்சர் திரும்ப மாட்டினார்.

ஐந்து மணிக்குத் தொழிற்சாலையிலிருந்து மனிதவள மேலாளர் ரிஷிகேசன் வந்தார். முப்பத்தைந்து வயது, மெதுவாகப் பேசுகிறவர். தணிகாசலத்துக்கு இடதுபக்க ஸ்டூலில் உட்கார்ந்து, எதையும் ஆச்சரியமாகக் கேட்காமல், விசாரணையைத் தள்ளிவைக்கச் சொல்லியாயிற்று என்றார்.

"உங்க கால்தானே ஸார் வரல. கை நல்லா இருக்குல்ல. இங்கேயே கையெழுத்துப் போட்டுடுங்க. நான் கொண்டுபோய்க் குடுத்துடறேன்."

தணிகாசலம் வழக்கம்போல, இருங்க ஒரு நிமிஷம் என்று செல்போனை எடுத்தார். காதில் வைத்தார். எழ வரவில்லை. போனைக் காதில் வைத்தபடியே, ரிஷிகேசனுக்கு ஒரு சாண் தூரத்தில், யாரும் பேசாத போனைக் கேட்டுக்கொண்டிருந்தார். ரிஷிகேசன் காத்திருந்தார். கடைசியில் தணிகாசலம் போனைக் கீழே வைத்துவிட்டு, "எழுந்ததும் போடறேன்" என்றார்.

"நாளைக்கு வரேன் ஸார்" என்றார் ரிஷிகேசன். "நீங்க எங்க போகப் போறீங்க."

அந்த முதல் நாளிலேயே மற்ற உடல் தேவைகளும் அவரை விட்டுப் போயின. சாப்பிட்டதும் குடித்ததும் எங்கே போயிற்றோ, அவருக்கும் தெரியாது, யாரும் கேட்கவும் இல்லை. தூக்கம் வந்தால் பலகையில் தலை சாய்த்துத் தூங்கினார். இரண்டாம் நாள் வந்த ஜப்பான் இன்ஜினியர்கள் அவருக்கு லேசாகத் தலை தாழ்த்திவிட்டு இரண்டு ஸ்டூல் தள்ளி உட்கார்ந்தார்கள். மூன்றாம் நாள் மாரியம்மன் கோயில் பூசாரி வந்து வேப்பிலையால் அடித்து, தன் கைக்குள் இது இல்லை என்று நேர்மையாகச் சொல்லிவிட்டு, வந்ததற்கு ஒரு முட்டைச் சோறு சாப்பிட்டுப் போனார். நாலாம் நாள் ஊர் பார்க்க வருவதை நிறுத்திவிட்டு, பயன்படுத்த ஆரம்பித்தது.

முதலில் யாகூப்தான் சாவியைக் கொடுத்தான். "ஸார், தொழுகைக்குப் போய்ட்டு வந்துடறேன். கடைக்கு யாராச்சும் வந்தா சொல்லுங்க." ஜெராக்ஸ் கடைப் பெண் சாவி கொடுத்தாள். வாடகை வீட்டுப் பிள்ளைகள் ஷிப்ட் மாறும்போது அறைச் சாவியை அவரிடம் விட்டுப் போனார்கள். கூரியர்காரர்கள் வீட்டில் ஆளில்லாத பார்சல்களை அவர் காலடியில் அடுக்கினார்கள். ஆதார் திருத்தம், ரேஷன் அட்டை, வங்கி விண்ணப்பம் எல்லாம் அவர் முன்னால் வந்தன. அழகான கையெழுத்து அவருக்கு. பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து, அம்மா கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும்வரை அவர் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினார்கள். எங்கேயும் போகாத ஓர் ஆள் கூட்டுரோட்டுக்கு எவ்வளவு தேவைப்பட்டிருக்கிறது என்பது, அப்படி ஒருவர் கிடைத்த பிறகுதான் கூட்டுரோட்டுக்குத் தெரிந்தது. பச்சை மீனைப் பார்த்தாலே முகம் சுளித்தவர்கள்கூடச் சாவி வாங்க வந்து, நின்று, ஒரு நாள் உட்கார்ந்து, ஒரு துண்டு தின்று பார்த்தார்கள்.

ஆனால் தினமும் ஐந்து மணிக்கு ரிஷிகேசன் வந்தார். அந்த நேரத்தில் பிள்ளைகள் நோட்டை மூடிவிட்டு வெளியே போய்விடுவார்கள்.

ஆறாம் நாள் தணிகாசலத்தின் மனைவி விசாலாட்சி, சலவைச் சட்டையும் ஒரு டப்பாவில் வத்தக்குழம்புச் சோறும் கொண்டுவந்தாள். முதல் நாளே வந்து அழுதுவிட்டுப் போனவள்தான். இப்போது அழவில்லை. சட்டையை மாற்றிவிட்டு, வலதுபக்க ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அந்த ரிஷிகேசன் வீட்டுக்கு வந்திருந்தார். கையெழுத்துப் போடலேன்னா வேலை போயிடுமாமே. பொண்ணுக்கு இன்னும் ரெண்டு வருஷப் படிப்பு இருக்கு."

"தெரியும்."

"போட்டுட வேண்டியதுதானே? அந்தப் பையன் அவனாத்தானே கட்டினான்?"

விசாலாட்சி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு இவ்வளவு நேரம் அவர் முகத்தை அவள் பார்த்ததே இல்லை. இதற்குள் அவர் வாசலுக்கோ மாடிக்கோ போயிருப்பார். இப்போது அந்த முகம் அங்கேயே இருந்தது. அதில் வேர்வை வந்தது, உதடு காய்ந்தது, கண் பலகையில் இருந்த சோயா பாட்டிலுக்கும் சுவருக்கும் போய்ப்போய்த் திரும்பிற்று.

"அவன் கட்டலையா?" என்றாள் தாழ்ந்த குரலில்.

"இல்ல."

"யார் கட்டினதுன்னு தெரியுமா?"

"தெரியும்."

விசாலாட்சி டப்பாவைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை வேறெதுவும் கேட்கவில்லை. போகும்போது, "என்ன செய்யணும்னு நான் சொல்ல மாட்டேன். வீட்டு வாடகை நான் பார்த்துக்கறேன்னும் சொல்ல முடியாது" என்றாள். அவளுக்குப் பயமாக இருந்தது. அதை மறைக்கவும் இல்லை.

பத்தாம் நாள் காலை ஒரு பெண் வந்து அதே வலதுபக்க ஸ்டூலில் உட்கார்ந்தாள். மெலிந்த, கறுத்த, இருபத்தைந்து வயதுப் பெண். என்ன வேண்டும் என்று பெர்பெத்துவா கேட்டதற்கு ஒன்றும் வேண்டாம் என்றாள். தணிகாசலத்தைப் பார்க்கவில்லை, பேசவில்லை. மதியம்வரை உட்கார்ந்திருந்துவிட்டு மரக்காணம் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாள். மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். மூன்றாம் நாள்தான் பெர்பெத்துவா ஒரு டீயை அவள் முன்னால் வைத்து, பெயரைக் கேட்டாள்.

"அமுதவல்லி. பச்சையப்பன் சம்சாரம்."

தணிகாசலத்தின் கையில் இருந்த பேனா, யாருடைய ரேஷன் விண்ணப்பத்திலோ ஓர் எழுத்தின் பாதியில் நின்றது.

"எதுக்கும்மா வந்து வந்து உக்காருற?" என்று பெர்பெத்துவாதான் கேட்டாள்.

"ஆஸ்பத்திரியில இவரு வந்தாரு" என்றாள் அமுதவல்லி, பலகையைப் பார்த்தபடி. "சென்சார் வேலை செஞ்சுதா ஸார்னு எங்க வீட்டுக்காரரு கேட்டாரு. போன் வருதுன்னு வெளியே போனாரு. நான் வராண்டாவுல போய்ப் பார்த்தேன். படியில எறங்கிப் போய்க்கிட்டிருந்தாரு. போன் பையிலதான் இருந்துச்சு." டீயை ஒரு வாய் குடித்தாள். "இப்ப எங்கயும் போவ முடியாதுன்னு கேள்விப்பட்டேன். அதான் வந்தேன்."

கடையில் இருந்த நாலைந்து பேரும் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார்கள். தணிகாசலம் ஏதோ சொல்ல வாய் திறந்தார். அவள் அவரைப் பார்த்தாள். அவர் மூடிக்கொண்டார். அவள் டீயை முடித்துவிட்டு எழுந்து போனாள். எழுவது எவ்வளவு சுலபமாக அவளுக்கு இருக்கிறது என்று அவர் அவள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தச் சேதி ரிஷிகேசனுக்குப் போக அரைமணி ஆகவில்லை. மறுநாள் மெதுவான பேச்சு இல்லை. தொழிற்சாலை லாரியில் எட்டு ஆட்களும், பளு தூக்கும் பெல்ட்டும், சங்கிலிக் கப்பியும் வந்து இறங்கின. பெல்ட்டைத் தணிகாசலத்தின் இடுப்பில் சுற்றி, வாசல் வழியாகக் கப்பியை லாரியில் மாட்டி இழுத்தார்கள். பலகையில் இருந்த பாட்டில்கள் கலகலத்தன, தகரக் கூரையிலிருந்து புழுதி கொட்டியது, பெல்ட் ஒரு நூல் பிரிந்தது, அவர் அசையவில்லை. வலித்தது மட்டும் முகத்தில் தெரிந்தது. வெளியே கூட்டம் கூடிவிட்டது. சாவி கொடுத்தவர்கள், பார்சல் வாங்க வந்தவர்கள், பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் நின்றார்கள். யாரும் சத்தம் போடவில்லை, நகரவும் இல்லை.

பெர்பெத்துவா மீன் வகிரும் கத்தியோடு பலகைக்கு இந்தப் பக்கம் வந்து, பெல்ட்டை ஓர் இழுப்பில் அறுத்தாள்.

"என் கடையில சாப்பிட வந்த ஆளு. மாட்டைக் கட்டி இழுக்கிற மாதிரி இழுக்காதிய."

"உங்க கட்டட ஓனர்கிட்டே பேசியாச்சு" என்றார் ரிஷிகேசன். "மாசக் கடைசியில காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் வரும். அதுவரைக்கும் கத்தியைப் பத்திரமா வச்சுக்கங்க."

நோட்டீஸ் வந்தது. பெர்பெத்துவா அதை அரிசி டின்னுக்குள் போட்டாள். இரண்டு நாள் அவள் பிடித்த சோறு எல்லாம் இறுகிப்போய் இருந்ததாக ஜப்பான் இன்ஜினியர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள்.

சாட்சி வர முடியாவிட்டால் விசாரணை சாட்சியிடம் போகும் என்று தொழிலாளர் துறை அதிகாரி உத்தரவு போட்டார். இருபத்தொன்றாம் நாள், புதன்கிழமை, காலை பதினொரு மணி, இடம் பச்சைமீன் கடை. தணிகாசலம் காற்றில் உட்கார்ந்ததை எப்படிச் சாதாரணமாக ஏற்றுக்கொண்டதோ, அப்படியே ஊர் இதையும் ஏற்றுக்கொண்டது. யாகூப் தன் கடை பெஞ்சைக் கழுவி வெளியே போட்டான். ஜெராக்ஸ் கடைப் பெண் அன்று விசாரணைக் காகிதங்களுக்குக் காசு இல்லை என்று எழுதி ஒட்டினாள்.

அன்று ஒன்பது மணிக்கே ரிஷிகேசன் வந்து இடதுபக்கம் உட்கார்ந்தார். வாக்குமூலத்தைப் பலகையில் வைத்து, அதன்மேல் ஒரு பேனாவை வைத்தார்.

"ஸார், நான் உங்களை மிரட்டல. கணக்குப் பாருங்க. சென்சார் சரியா இருக்குன்னு நீங்க கையெழுத்துப் போட்ட தாள் தினம் ஒண்ணு வீதம் எங்ககிட்டே இருக்கு. அது பொய்னு இன்னிக்கு நீங்களே சொன்னா, முதல்ல மாட்டுறது சூப்பர்வைசர் இல்ல, கம்பெனி இல்ல. நீங்க. வேலை மட்டும் இல்ல, கேஸும் வரும். யோசிச்சுக்குங்க."

அது உண்மைதான். தணிகாசலம் அதை இருபத்தொரு நாளும் யோசித்திருந்தார். போன் வந்து ரிஷிகேசன் வெளியே போனார். அதிகாரியின் ஜீப் வாலாஜாபாத்தைத் தாண்டிவிட்டது, அதை எதிர்கொள்ள வேண்டும்.

பத்தரைக்கு அமுதவல்லி கணவனோடு வந்தாள். பச்சையப்பன் உயரமான, தோள் அகன்ற பையன். வலது கையைத் துண்டுக்குள் சுற்றி மடியில் வைத்திருந்தான். அவனை ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு, மருத்துவமனைச் சீட்டை நகல் எடுக்க அவள் ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். கடைக்குள் மூன்று பேர்தான்: பலகைக்கு அந்தப் பக்கம் பெர்பெத்துவா, இந்தப் பக்கம் அடுத்தடுத்து இருவர். பச்சையப்பன் அவருக்கு வணக்கம் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை.

"சாப்பிட்டியாப்பா?" என்றாள் பெர்பெத்துவா.

"வேணாங்க்கா."

"நாலு மணிக்கு எந்திச்சு மரக்காணத்துலேர்ந்து வந்திருக்க. பச்சை மீன் இல்ல, வேக வச்ச எறா, முட்டை, சுட்ட சீலா. நம்ம கடல் மீனுதான்."

"இல்லக்கா. அவ வரட்டும்." அவன் குரல் தணிந்தது. "அவதான் ஊட்டுவா. எடது கையால எப்படிக்கா எல்லார் முன்னாடியும் திங்கறது. வீட்டுலயே திங்கறது இல்ல."

பெர்பெத்துவா கையை நனைத்துக்கொண்டு ஒரு பிடி சோற்றை எடுத்து உருட்டினாள். இறாலை மேலே வைத்து அழுத்தினாள். வழக்கமாக அவள் அதைப் பலகையில் வைக்கும்போது, சாப்பிடுகிறவரின் வலது கைக்கு வாட்டமாகக் கொஞ்சம் சாய்த்து வைப்பாள். வலது கைப் பழக்கக்காரர்களுக்கு அது தெரியவே தெரியாது. அன்று எதிர்ப்பக்கமாகச் சாய்த்து வைத்தாள்.

"இடது கைப் பழக்கக்காரங்களுக்கு இப்படித்தான் வைக்கணும்னு எனக்குச் சொல்லிக் குடுத்திருக்காவ. என்கிட்ட சாப்பிடுற ஜப்பான்காரர் ஒருத்தரு இடது கைதான். இந்தச் சாப்பாட்டுக்கு எந்தக் கையும் ஒண்ணுதான். எடுத்துச் சாப்பிடு."

பச்சையப்பன் அதைப் பார்த்தான். வாசலைப் பார்த்தான். இடது கையை எடுத்துப் பலகைமேல் வைத்தான், திரும்ப எடுத்துக்கொண்டான்.

அந்தச் சமயத்தில்தான் தணிகாசலத்துக்குக் கால் வந்தது. மறந்துபோன பெயர் வேறெதையோ நினைத்துக்கொண்டிருக்கும்போது தானாக வருவதுபோல் வந்தது. உள்ளங்கால் தரையில் அழுந்தியது, முழங்காலில் ஒரு துடிப்பு ஓடியது, இடுப்பு ஸ்டூலை விட்டு ஒரு விரல்கடை எழும்பியது. இருபத்தொரு நாளில் முதல் முறையாக ஸ்டூல் லேசாகக் கிரீச்சிட்டது. பெர்பெத்துவா நிமிர்ந்து பார்த்தாள். அவள் பார்த்துவிட்டதை அவரும் கவனித்தார். அடுக்களைக்குப் பின்னால் கதவு திறந்து கிடந்தது. அதற்கப்பால் சந்து, சந்து முடிவில் பஸ் நிறுத்தம். ரிஷிகேசன் முன்பக்கம் நின்றிருந்தார், கூட்டம் முன்பக்கம் இருந்தது, பத்து எட்டு வைத்தால் போதும், பொய் சொல்ல வேண்டாம், உண்மையும் சொல்ல வேண்டாம், சாட்சி காணாமல் போய்விட்டார் என்று எழுதிக்கொள்வார்கள். பெர்பெத்துவா பின்கதவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு கையை நனைத்துக்கொண்டு அடுத்த பிடி சோற்றை எடுத்தாள்.

பச்சையப்பன் இடது கையால் முதல் துண்டை எடுத்து வாயில் வைத்தான்.

தணிகாசலம் இடுப்பைத் திரும்ப ஸ்டூலில் இறக்கினார். இரண்டாவது துண்டு வந்தது. அதைப் பச்சையப்பன் தவறவிட்டான், சோறு பலகையில் உதிர்ந்தது, காது சிவந்தது. பெர்பெத்துவா அதைத் துடைத்துவிட்டு இன்னொன்று வைத்தாள். மூன்றாவதைச் சரியாக எடுத்தான். வெளியே ஜீப் சத்தம் கேட்டது. எழுந்து ஓடு என்று தணிகாசலத்தின் தொடை அவரிடம் கெஞ்சியது. அவர் இரண்டு கையாலும் பலகை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நாலாவதை அவன் கொஞ்சம் மென்று ருசித்துச் சாப்பிட்டான். ஐந்தாவதைச் சாப்பிடும்போது அமுதவல்லி நகல்களோடு உள்ளே வந்து, கணவன் தன் கையால் சாப்பிடுவதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். ஆறாவதாக வந்தது முட்டை. அதை அவன் விழுங்கிவிட்டு டீயைக் குடித்தபோது, தொழிலாளர் துறை அதிகாரியான அம்மாள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி உள்ளே வந்து, ரிஷிகேசன் காட்டிய ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நீங்கதான் தணிகாசலமா? எழுந்திருக்க வேண்டாம். தெரிஞ்சதைச் சொல்லுங்க."

ரிஷிகேசன் காகிதத்தை அவர் பக்கம் நகர்த்தினார். தணிகாசலம் அதைத் தொடவில்லை. சென்சாரைக் கட்டியது எந்தத் தேதியில், யார் சொல்லி, எந்த நிற ஒயரால் என்று சொன்னார். அப்போது பச்சையப்பன் அங்கே வேலைக்கே வரவில்லை என்றார். அது கட்டியிருப்பது தெரிந்தும் தினமும் காலையில் சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டது தான்தான் என்றார். அதைச் சொல்லும்போது பாதியில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து சொன்னார். அதிகாரி இடையில் ஒரே ஒரு முறை, "இது உங்களுக்கும் எதிராப் போகும், தெரியுமில்ல?" என்றார். தெரியும் என்றார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. எழுதி முடித்து, கையெழுத்துக்கு அதிகாரி தாளை நீட்டியபோது, பலகையின் அந்த முனைக்கு எட்டவில்லை என்று தணிகாசலம் எழுந்து போய்க் கையெழுத்துப் போட்டார்.

வாசலில் இருந்த கூட்டம் அதைப் பார்த்தது. "உண்மையைச் சொன்னார், கால் வந்துடுச்சு" என்று யாகூப் சொன்னான். அந்த வார்த்தை பஸ் நிறுத்தத்துக்கும், அங்கிருந்து மூன்று திசைக்கும் போயிற்று. விசாலாட்சி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இருபத்தொரு நாள் நடக்காத கால், முதல் பத்தடிக்குக் குழந்தைக் கால் மாதிரி பின்னியது.

உத்தரவு வர ஐந்து மாதம் பிடித்தது. பச்சையப்பனுக்கு நஷ்ட ஈடு கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை. மரக்காணத்திலேயே மீன் ஏலக்கூடத்தில் எடை எழுதுகிறான், இடது கையால். தணிகாசலத்தைத் தொழிற்சாலை நீக்கிவிட்டது. பொய்க் கையெழுத்துக்காக அவர்மேலும் சூப்பர்வைசர்மேலும் வழக்கு நடக்கிறது, தேதி தவறாமல் போய் நிற்கிறார். ஜெராக்ஸ் கடையில் ஒரு மேஜை போட்டு விண்ணப்பங்கள் எழுதிக் கொடுக்கிறார். விசாலாட்சி கம்பெனி கேன்டீன் ஒன்றில் சேர்ந்துவிட்டாள். மகள் படிக்கிறாள். கட்டட ஓனர், கடைக்கு வந்த பெயரைப் பார்த்து, நோட்டீஸைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்.

ஏனென்றால் ஊர் அந்த ஸ்டூலைச் சும்மா விடவில்லை. பங்காளிச் சண்டைக்காரர்கள், காதலை வீட்டில் சொல்லாத பிள்ளைகள், புருஷன்மேல் சந்தேகப்பட்டவர்கள் எல்லோரும் அவரவர் ஆளைக் கூட்டிவந்து அதில் உட்கார வைத்தார்கள். உண்மையைச் சொன்னால்தான் எழ விடும் என்பது கூட்டுரோட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பெர்பெத்துவா இல்லையென்றும் சொல்லவில்லை, ஆமென்றும் சொல்லவில்லை. உட்கார்ந்தால் ஏதாவது சாப்பிட வேண்டும் என்று மட்டும் சொல்லிவிடுவாள்.

மழைக்காலத்தில் ஒரு பகல், கடையில் வேறு யாரும் இல்லாதபோது, தணிகாசலம் சாப்பிட வந்தார். அவள் மீனை வகிர்ந்துகொண்டே கேட்டாள்.

"அண்ணாச்சி, அன்னிக்கு அதிகாரி வரதுக்கு முன்னாலயே உங்களுக்குக் கால் வந்துட்டு. பின்கதவும் திறந்துதான் கிடந்துச்சு. ஏன் போவல?"

தணிகாசலம் டீ டம்ளரைத் தள்ளிவைத்தார்.

"போயிருப்பேம்மா" என்றார். "ஆனா அந்தப் பையன் அப்பத்தான் கை வச்சான். பக்கத்துல ஒருத்தர் சாப்பிட்டுட்டு இருக்கும்போது எப்படி எழுந்திருக்கறது?"